எதிரில் ஆட ஓர் ஆள்

கேப்காம் நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ விளையாட்டில் ‘பேட்டில் ஹப்’ என்று ஒரு கூடம் இருக்கிறது. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர் தனக்கென்று ஓர் உருவத்தைச் செய்துகொண்டு அந்தக் கூடத்துக்குள் நடந்து போகலாம். உள்ளே வரிசையாக ஆர்கேட் மெஷின்கள். காலியாக இருக்கும் ஒன்றில் போய் உட்கார்ந்தால், வேறு ஏதோ ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் உருவம் வந்து மறுபக்கம் அமரும்; சண்டை தொடங்கும். இணையத்தில் எதிராளியைத் தேடித் தர ஒரு பட்டன் போதும். அந்தப் பட்டனும் இதே விளையாட்டில் இருக்கிறது. இருந்தும் கூடத்தை வரைந்திருக்கிறார்கள், மெஷின்களை வரைந்திருக்கிறார்கள், பின்னால் நின்று அடுத்தவர் ஆட்டத்தை வேடிக்கை பார்க்கவும் வழி விட்டிருக்கிறார்கள்.

2024 ஜனவரியில் வந்த ‘டெக்கன் 8’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் ‘ஆர்கேட் குவெஸ்ட்’ பகுதியில், ஆடுபவர் ஒவ்வொரு கேம் சென்டராகப் போய் அங்கே இருக்கும் கைதேர்ந்தவர்களை வென்று பெயர் வாங்க வேண்டும். 1994-இல் வந்த முதல் டெக்கனிலிருந்து ஏழாம் பாகம் வரை எல்லாமே முதலில் ஆர்கேடில் காசு போட்டு ஆடப்பட்டு, பிறகுதான் வீட்டுக்கு வந்தன. எட்டாம் பாகத்துக்கு ஆர்கேட் மெஷின் வரவே இல்லை. கேம் சென்டரைப் பற்றிய கதை விளையாட்டுக்குள் இருக்கிறது. கேம் சென்டருக்குள் அந்த விளையாட்டு இல்லை.

ஆர்கேட் மறுபடி பிரபலமாகுமா என்று கேட்பவர்கள் இந்த இரண்டு விளையாட்டுகளையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பொதுவாக இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் வரும். பழைய மெஷினின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் ஈடு கிடையாது, ஆகவே திரும்பி வரும் என்பது ஒன்று. கையிலிருக்கும் போனிலேயே அதைவிட நல்ல படம் தெரிகிறது, ஆகவே வராது என்பது மற்றொன்று. இரண்டு பதில்களும் மெஷினைத்தான் பார்க்கின்றன. கேப்காமும் டெக்கனைச் செய்யும் பாண்டாய் நாம்கோவும் பணம் செலவழித்து வரைந்து வைத்திருப்பதோ ஒரு கூடத்தை. அதற்குள் நுழையும் தெரியாத மனிதர்களை. ஆர்கேடில் காணாமல் போனது எது என்று அதைச் செய்தவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இது முதல் மெஷினிலேயே இருந்த விஷயம். கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ‘ஆண்டி கேப்ஸ்’ என்ற மதுக்கடையில் 1972-இல் அடாரி தன் ‘பாங்’ மெஷினைச் சோதனைக்கு வைத்தது. நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் தொடங்கிய கம்பெனி. மெஷினைச் செய்தவர் ஆலன் ஆல்கார்ன். கொஞ்ச நாளில் மெஷின் நின்றுவிட்டது என்று கடையிலிருந்து அழைப்பு வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். உள்ளே வைத்திருந்த டப்பா நிரம்பி வழிந்து, மேற்கொண்டு காசு இறங்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. வசூலின் பெருமைக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை இது. அந்தக் கதையில் விட்டுப்போகும் ஒரு விவரம் உண்டு. பாங்கைத் தனியாக ஆட முடியாது. இரண்டு குமிழ்கள், இரண்டு ஆட்கள். எதிரில் ஆடக் கம்ப்யூட்டர் கிடையாது. துணைக்கு ஆள் கொண்டுவராதவர் பக்கத்து ஸ்டூலில் இருப்பவரைக் கூப்பிட்டாக வேண்டும்.

அதற்குப் பின் தனியாக ஆடும் விளையாட்டுகள் வந்தன. டைட்டோவின் டொமொஹிரோ நிஷிகாடோ 1978-இல் செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஜப்பானில் காபிக்கடை மேசைகளையே மெஷின்களாக மாற்றியது. எதிரிகள் குறையக் குறைய மீதியிருப்பவர்கள் வேகமாக நகர்வார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் மெஷினுக்குள் இருந்த சிப்புக்குக் கிடைத்த வேகம் அது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார், ஆட்டத்தின் உயிரே அதுவாயிற்று. அடுத்த ஆண்டு வந்த அடாரியின் ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ அதிகப் புள்ளி எடுத்தவரின் பெயரை மூன்று எழுத்தில் பதிந்துகொள்ள விட்டது. காலையில் ஆடிப் போனவர் தன் எழுத்துகளை விட்டுப் போவார். மாலையில் வேறொருவர் அதை முறியடிக்கக் காசை எண்ணிக்கொண்டு நிற்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். தனி ஆட்டத்திலும் எதிரில் ஓர் ஆள் இருந்தார்.

1991-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வந்தபோது அந்த ஆள் தோளோடு தோள் நின்றார். அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருப்பவர்களின் திரைக்குக் கீழே உள்ள விளிம்பில் கால் டாலர் காசை வைத்தால், அடுத்த ஆட்டம் தன்னுடையது என்று பொருள். நாலைந்து காசுகள் வரிசையாக இருந்தால் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். யாரும் இந்த விதியை எழுதி ஒட்டவில்லை. எல்லா ஊரிலும் அதை எல்லோரும் மதித்தார்கள். ஜப்பானில் பிற்பாடு இரண்டு மெஷின்களை முதுகோடு முதுகு சேர்த்து வைத்தார்கள். ஆடுபவருக்கு எதிராளியின் முகம் தெரியாது. கம்ப்யூட்டரோடு ஆடிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தில் காசு விழும் சத்தம் கேட்கும், திரையில் சவால் அறிவிப்பு வரும், ஆட்டம் மாறும். தோற்றால் எழுந்துபோகும்போது அந்தப் பக்கம் ஒரு பார்வை: இவ்வளவு நன்றாக ஆடியது இந்தப் பள்ளிக்கூடப் பையனா?

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். வென்றவர் மேற்கொண்டு காசு போடத் தேவையில்லை. தோற்றவர்தான் மறுபடி 100 யென் போட வேண்டும். திறமை வளர வளர அதே காசில் அதிக நேரம் ஆடலாம். வளராதவரின் சட்டைப்பை சீக்கிரம் காலியாகும். ஆகவே காசில்லாதவர் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். எந்த அடிக்கு எந்தத் தடுப்பு, எந்த நொடியில் எழ வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் வருவதற்கு முன்பே கூடத்தில் பரவிவிடும். பல ஜப்பானிய கேம் சென்டர்களில் ஓரமாக ஒரு மேசையும் அதில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். வழக்கமாக வருபவர்கள் அதில் அடுத்தவருக்குக் குறிப்பு எழுதுவார்கள், படம் வரைவார்கள், நேற்று வந்த புதியவர் யார் என்று கேட்பார்கள், பதிலும் எழுதியிருக்கும். முகநூலும் வாட்ஸப்பும் வருவதற்கு வெகுகாலம் முன்னால்.

ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த இடங்கள் பிடித்ததே இல்லை. பிலிப்பைன்சில் மார்க்கோஸ் 1981-இல் வீடியோ கேம்களுக்கே தடை போட்டார். அமெரிக்காவில் மெஸ்கிட் என்ற டெக்சஸ் ஊர், 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையின்றி ஆர்கேடில் ஆடக்கூடாது என்று விதி செய்தது. அந்த வழக்கு 1982-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜப்பான் 1984-இல் சட்டத்தைத் திருத்தி, கேளிக்கை விடுதிகளைக் கட்டுப்படுத்தும் அதே சட்டத்தின் கீழ் கேம் சென்டர்களையும் கொண்டுவந்தது. பையன்கள் கெட்டுப்போகும் இடம் என்ற பேச்சு எந்த மொழியிலும் ஒன்றுதான். பெண் பிள்ளைகள் அங்கே வர வெகுகாலம் தயங்கினார்கள் என்பதும் உண்மை. 1980-இல் ‘பாக்-மேன்’ செய்த டோரு இவாடானி, பெண்களும் வந்து ஆடும்படியான ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சுடுவதை விட்டுவிட்டுத் தின்பதை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் சரிவு. ஜப்பானில் 1986-இல் 26,000-க்கும் அதிகமான கேம் சென்டர்கள் இருந்தன. 2019-இல் மிஞ்சியவை சுமார் 4,000. 1994-இல் பிளேஸ்டேஷன் வந்த பிறகு, வீட்டு மெஷினுக்கும் ஆர்கேட் மெஷினுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போனது. பெரிய காரணம் அதுதான். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் அந்த 100 யென் காசு. மெஷினின் காசுத் துளை ஒரு நாணயத்தைத்தான் விழுங்கும். 1989-இல் ஜப்பான் 3 சதவிகித நுகர்வு வரி கொண்டுவந்தபோது கடைக்காரர் மற்ற பொருள்களைப் போல இதன் விலையை 103 யென் ஆக்க முடியவில்லை. வரி 1997-இல் 5, 2014-இல் 8, 2019-இல் 10 என்று ஏறியது. விழும் ஒவ்வொரு 100 யென்னிலும் இப்போது சுமார் 9 யென் வரிக்குப் போகிறது. நெட்வொர்க்கில் இணைந்த புதிய மெஷின்கள், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தயாரிப்பாளருக்கு ஒரு பங்கு கேட்டன. மின்கட்டணமும் வாடகையும் ஏறின. ஆட்டத்தின் விலை மட்டும் 1970-களின் முடிவில் நின்ற இடத்திலேயே நின்றது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: 1980-இல் பாக்-மேன் விழுங்கிய கால் டாலர் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒரு டாலர். கால் டாலருக்கே ஆட்டம் கொடுப்பவர் அன்றைய வருமானத்தில் நாலில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு இன்றைய செலவைச் சமாளிக்க வேண்டும்.

கொரோனா வந்ததும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த சுவர்கள் விழுந்தன. டோக்கியோவின் அகிஹபாராவில் சேகாவின் இரண்டாம் கட்டடம் 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சேகா தன் கேம் சென்டர் தொழிலின் 85.1 சதவிகிதப் பங்கை ஜெண்டா என்ற கம்பெனிக்கு விற்றது. 2022 ஜனவரியில் மிச்சத்தையும் கொடுத்துவிட்டு வெளியேறியது. கடைகளின் பெயர்ப்பலகை ‘கிகோ’ என்று மாறியது. ஆர்கேடுக்கு இத்தனை செய்த சேகாவின் பெயரே தெருவிலிருந்து இறங்கியது பலருக்கு முடிவாகத் தோன்றியது.

முடிவாகவில்லை. டோக்கியோவின் இகெபுகுரோவில் சேகா நாளிலேயே ‘கிகோ’ என்ற பெயரில் இருந்து, 2021 செப்டம்பரில் பெரிய கூட்டம் கூடி வழியனுப்பிய பழைய கட்டடத்துக்குப் பதிலாக, சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே பகுதியில் கிகோவின் தலைமைக் கடை திறக்கப்பட்டது. ஜெண்டா புதிது புதிதாகக் கடைகளை வாங்கிக்கொண்டும் திறந்துகொண்டும் இருக்கிறது. தொழிலாகப் பார்த்தால் ஆர்கேட் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருக்கிறது.

அதைத் தூக்கி நிறுத்துவது பொம்மை பிடிக்கும் க்ரேன் மெஷின். சேகா 1985-இல் கொண்டுவந்த ‘யூஎஃப்ஓ கேட்சர்’ வகையும் அதன் பங்காளிகளும் இன்று ஜப்பானிய கேம் சென்டர்களின் வருமானத்தில் பாதிக்கு மேல் ஈட்டித் தருகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் அனிமே நாயகிகள், தலையணை அளவு பஞ்சுப் பொம்மைகள். பரிசின் விலை 800 யென்னைத் தாண்டக்கூடாது என்றிருந்த வரம்பு 2022-இல் 1,000 யென் ஆனது. இடுக்கி இறங்கி, பொம்மையின் கழுத்தைத் தொட்டு, ஒரு விரற்கடை நகர்த்திவிட்டு வெறுங்கையோடு மேலே போகும்போது பக்கத்தில் நிற்கும் குடும்பம் முழுவதும் ‘அடடா’ என்கிறது. அதில் மகிழ்ச்சி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. இங்கே எதிராளி மட்டும் கிடையாது. ஒருவர் எத்தனை ஆண்டுகள் க்ரேன் ஆடினாலும் இன்னொருவருக்கு எதிரே உட்கார வேண்டிய தேவை வராது. மறுபடி பிரபலமாவது இதுதான் என்றால், அந்தப் பிரபலத்தை ஆர்கேட் விரும்பிகள் முழு மனதோடு கொண்டாட முடியாது.

அமெரிக்காவும் இங்கிலாந்தும் வேறு வழி பிடித்தன. இல்லினாய் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில் 2010-இல் திறந்த ‘கேலப்பிங் கோஸ்ட்’ ஆர்கேடில் 900-க்கும் மேற்பட்ட மெஷின்கள் இருக்கின்றன. வாசலில் ஒரு நாள் கட்டணம். உள்ளே எதற்கும் காசு போட வேண்டாம். இங்கிலாந்தின் பரி நகரிலுள்ள ‘ஆர்கேட் கிளப்’பும் இப்படித்தான். நியூ ஹாம்ப்ஷயரில் 1952 முதல் நடக்கும் ‘ஃபன்ஸ்பாட்’ தன் பழைய மெஷின்களுக்கு ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கிறது. 1999 ஜூலை 3 அன்று பில்லி மிட்செல் பாக்-மேனில் 3,333,360 என்ற முழுப் புள்ளியை எடுத்தது அங்கேதான். 256-ஆம் கட்டத்தில் பாதித் திரை எழுத்துக் குப்பையாகி மேற்கொண்டு ஆட முடியாமல் போகும்வரை ஒரு புள்ளி சிந்தாமல் தின்றால் கிடைக்கும் எண் அது.

இந்த இடங்களில் நடக்கும் வேலைக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை. பழைய மெஷின்களின் படக்குழாய் டிவிக்கள் இப்போது உற்பத்தியில் இல்லை. திரை மங்கினால் சர்க்யூட் போர்டைக் கழற்றி, உப்பிப்போன கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். குழாயே போய்விட்டால் வேறொரு செத்த மெஷினிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். கேப்காம் 1993-இல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டுகளில் இன்னொரு சோதனை. திருட்டு நகலைத் தடுக்க, விளையாட்டைத் திறக்கும் சாவியை ஒரு சின்ன பேட்டரியால் உயிரோடிருக்கும் நினைவகத்தில் வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். மெஷினைப் போட்டால் வெறும் நிறத்திரை. பழுது எதுவும் இல்லாமலே ஒரு விளையாட்டு செத்துப்போகும். அந்த மறையாக்கத்தை 2007-இல் உடைத்தவர்களில் ஒருவர் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா. பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் ‘மேம்’ மென்பொருளை 1997-இல் தொடங்கியவரும் அவரே. கம்பெனிகள் கைவிட்டதைச் சம்பளமில்லாமல் காப்பாற்றியவர்கள் இவர்கள். இவர்கள் இல்லையென்றால் திரும்பி வருவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆனால் வாசலில் ஒரே கட்டணம் என்ற முறை ஆட்டத்தின் இயல்பை மாற்றிவிடுகிறது. உயிர் போனால் பட்டனை அழுத்தினால் போதும், ஆட்டம் தொடரும். இருபது மெஷின்களை ஒரு மணி நேரத்தில் தொட்டுவிட்டு நகர்கிறார்கள். எதிலும் மூன்றாம் கட்டத்தைத் தாண்டுவதில்லை, தாண்டியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. கடைசிக் காசு என்று தெரிந்து ஆடும் ஆட்டத்தில் கை நடுங்கும், கண் கூர்மையாகும். அந்த மெஷின்கள் எல்லாமே அந்த நடுக்கத்தை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை.

2004-இல் புரூக்ளினில் தொடங்கிய ‘பார்கேட்’ போன்ற மதுக்கூடங்களில் காசு உண்டு, போட்டியும் உண்டு. குறை வேறு. அவற்றில் பலவற்றுக்குள் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் போக முடியாது. 1981-இல் ஆர்கேடை நிரப்பியவர்கள் பன்னிரண்டு, பதினைந்து வயதுக்காரர்கள். அந்த வயதில் இருப்பவர்கள் இன்று வெளியே நிற்கிறார்கள். அன்று பதினைந்தாக இருந்தவர்கள் இன்று உள்ளே இருக்கிறார்கள். ஒரு தலைமுறை தன் இளமையோடு சேர்த்து இடத்தையும் பூட்டி வைத்துக்கொண்டதாகத் தோன்றுகிறது. புதிதாக ஒருவர் கற்றுக்கொள்ள வழியில்லாத இடம் எப்படி வளரும்?

நம்பிக்கை தரும் ஒரு புதிய விளையாட்டு அந்த மதுக்கூடங்கள் வழியாகவே பரவியது என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த ஜோஷுவா டிபோனிஸ், நிகிதா மிக்ரோஸ் இருவரும் திறந்த வெளியில் ஓடி ஆடும் விளையாட்டாக முதலில் யோசித்து, 2013-இல் ஆர்கேட் மெஷினாகச் செய்த ‘கில்லர் குவீன்’ அது. இரண்டு மெஷின்கள், பக்கத்துக்கு ஐந்து பேராகப் பத்துப் பேர். ஓர் அணியில் ஒரு ராணி, நான்கு வேலைக்காரத் தேனீக்கள். எதிரி ராணியை மூன்று முறை கொன்றால் வெற்றி. பெர்ரிப் பழங்களைக் கொண்டுவந்து கூட்டை நிரப்பினாலும் வெற்றி. நடுவில் மெதுவாக ஊரும் ஒரு நத்தையின் மேல் ஏறித் தன் பக்கத்து எல்லைவரை ஓட்டிப் போனாலும் வெற்றி. எல்லோரும் ராணிகளின் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் நத்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். தோற்ற ஐந்து பேரும் ‘நத்தையை யார் பார்த்துக்கொண்டிருந்தது?’ என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். சிகாகோ, போர்ட்லண்ட் போன்ற ஊர்களில் இதற்கென்றே வாராவாரம் கூடும் குழுக்கள் உண்டு. ஒன்பது பேர் இருந்தால் பத்தாவது ஆளாக, ஜாய்ஸ்டிக் பிடிக்கத் தெரியாதவரையும் இழுத்துக்கொள்வார்கள். இணையத்தில் ஆட இதன் வேறொரு வடிவமும் வந்தது; அந்தக் கூச்சலும் பழிபோடலும் தோளைத் தட்டுவதும் அங்கே இல்லை.

இதுவரை பார்த்தவை எல்லாம் பணமுள்ள நாடுகள். ஆர்கேட் எதற்கு என்ற கேள்விக்கு மிகச் சரியான பதிலைக் கொடுத்தது லாகூர்.

2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் ‘ஈவோ ஜப்பான்’ என்ற சண்டை விளையாட்டுப் போட்டி நடந்தது. டெக்கன் 7-இல் கோப்பையை வென்றவர் அர்ஸ்லான் ஆஷ் என்ற பெயரில் ஆடும் பாகிஸ்தானி இளைஞர். விசா சிக்கல்களைத் தாண்டி, சுற்றிச் சுற்றிப் பயணம் செய்து வந்து சேர்ந்தவரை அதுவரை உலக டெக்கன் ரசிகர்களில் மிகச் சிலருக்கே தெரியும். வென்ற பிறகு அவர் சொன்னதுதான் எல்லோரையும் நிமிர வைத்தது: தன் நாட்டில் தனக்கு ஈடானவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார். பலர் அதைத் தன்னடக்கம் என்று நினைத்தார்கள். கொரியாவின் மூத்த ஆட்டக்காரர் ‘நீ’ அதே ஆண்டு பாகிஸ்தானுக்கே போய் அங்கிருப்பவர்களோடு ஆடிப் பார்த்தார். அர்ஸ்லான் சொன்னது மிகையில்லை என்று தெரிந்தது. ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோ இறுதியில் அதே ‘நீ’யை அர்ஸ்லான் தோற்கடித்தார். 2023-லும் 2024-லும் லாஸ் வேகாஸில் மறுபடி கோப்பை. இடையில் 2022-க்கான டெக்கன் உலகச் சுற்றின் இறுதிப்போட்டியை வென்ற அதிஃப் பட்டும் பாகிஸ்தானியரே.

வெளிநாட்டுப் போட்டி அனுபவம் அதிகம் இல்லாமல் இது எப்படி நடந்தது? அங்கே ஆர்கேட் சாகவில்லை. அர்ஸ்லான் சின்ன வயதில் ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்’ மெஷின்களில் வளர்ந்தவர். சில ரூபாய்க்கு ஒரு டோக்கன் கிடைக்கும் சின்னக் கடைகள். தினமும் அதே இருபது முப்பது பேர். தோற்றவர் எழ வேண்டும், அடுத்தவர் உட்கார வேண்டும். மற்ற நாடுகள் தொண்ணூறுகளோடு கைவிட்ட அந்தப் பள்ளிக்கூடம் லாகூரில் நடந்துகொண்டே இருந்தது. வீட்டில் தனியாக, ஏறி இறங்கும் இணைய வேகத்தில் பயிற்சி எடுத்தவர்களைவிட அவர்கள் வேகமாகக் கற்றார்கள். மெக்சிகோவின் பெட்டிக்கடை ஓரங்களிலும் இதே கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் மெஷின்கள் ஒரு தலைமுறையை உருவாக்கின.

நம் பக்கத்துக்கும் இது அந்நியமில்லை. கேப்காம் 1993-இல் செய்த ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ ஆட்டத்தை அந்தப் பெயரில் சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘முஸ்தஃபா’ என்றால் தொண்ணூறுகளில் வளர்ந்தவர் முகம் மலரும். மஞ்சள் தொப்பி வைத்த அந்த ஆளின் பெயரையே இந்தியாவும் பாகிஸ்தானும் விளையாட்டுக்கு வைத்துவிட்டன. பெரும்பாலும் அவை திருட்டு நகல் போர்டுகள். பிற்பாடு அதே கடைகள் பிளேஸ்டேஷனை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டன. மெஷினின் வடிவம் மாறியும் கூடம் கூடமாகவே இருந்தது: பெஞ்சில் நாலு பேர் காத்திருப்பார்கள், ஆடுபவருக்கு ஓயாமல் யோசனை சொல்வார்கள். மரப்பெட்டிக்குள் இருக்கும் டிவியா, மேசை மேல் இருக்கும் கன்சோலா என்பது இரண்டாம் பட்சம்.

ஈவோ என்ற அந்தப் பெரும் போட்டியின் பிறப்பும் இதையே காட்டுகிறது. 1996-இல் ‘பேட்டில் பை தி பே’ என்ற பெயரில் சன்னிவேலில் ‘கோல்ஃப்லேண்ட்’ என்ற கேளிக்கைக் கூடத்தின் ஆர்கேடில் சுமார் 40 பேர் கூடி நடத்திய போட்டி அது. 2004 ஈவோவில் டைகோ உமெஹாரா, ஒரு கீறல் ரத்தம் மிஞ்சியிருந்த நிலையில் ஜஸ்டின் வாங்கின் பதினைந்து அடிகளையும் ஒன்று விடாமல் தடுத்துத் திருப்பி வென்ற அந்தச் சில நொடிகளை இன்றும் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. டைகோ டோக்கியோவின் கேம் சென்டர்களில் உருவானவர். ஜஸ்டின், நியூயார்க் மாட் தெருவின் ‘சைனாடவுன் ஃபேர்’ ஆர்கேடில். அந்த ஆர்கேட் 2011-இல் மூடப்பட்டு அடுத்த ஆண்டே மறுபடி திறந்தது. குடும்பங்களும் குழந்தைகளும் பரிசுச் சீட்டு வாங்கும் இடமாகத் திறந்ததால், பழைய சண்டைக்காரர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள்.

ஆக, மிச்சமிருக்கும் கேள்வி வாடகை பற்றியது. சண்டை விளையாட்டுக் கூட்டம் விசுவாசமானது, செலவழிப்பது குறைவு. நாள் முழுக்க நின்று 500 யென் செலவழிக்கும் இளைஞனை நம்பி நகர மையத்தில் யார் கடை வைப்பார்கள்? டோக்கியோ சிலவகை விடைகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அகிஹபாராவின் ‘டைட்டோ ஹே’ கட்டடத்தில் தெருவைப் பார்த்த முதல் தளம் முழுக்க க்ரேன் மெஷின்கள். மாடியேறினால் எண்பதுகள், தொண்ணூறுகளின் சுடும் ஆட்டங்களும் சண்டை ஆட்டங்களும் வரிசையாக ஓடுகின்றன. பொம்மைக்காக வரும் கூட்டம் கீழே செலவழிப்பது மேலே இருப்பவர்களுக்கு இடம் தருகிறது. க்ரேன் மெஷின் மேல் கோபப்படுபவர்கள் இந்த ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கலாம். டைட்டோ 2023 டிசம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் ஆர்கேட் வடிவத்தையும் கொண்டுவந்தது. வீட்டில் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வெளியே வந்து காசு போடுவார்கள் என்ற நம்பிக்கையில்.

டோக்கியோவின் தகதனோபாபா பகுதியிலுள்ள ‘மிகாடோ’ வேறு மாதிரி. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத, பழைய மெஷின்கள் நிரம்பிய இரண்டு தளக் கடை. அங்கே நடக்கும் போட்டிகளை வர்ணனையோடு யூடியூபில் ஒளிபரப்புகிறார்கள். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய, வேறெங்கும் ஆடக் கிடைக்காத விளையாட்டுகளுக்கும் போட்டி உண்டு. 2020-இல் கொரோனாவால் கதவைச் சாத்த நேர்ந்தபோது இணையத்தில் நிதி திரட்டியது. அங்கே ஆடியவர்களும், ஒளிபரப்பில் மட்டுமே அந்தக் கூடத்தைப் பார்த்தவர்களும் பணம் அனுப்பினார்கள். கடை தாக்குப்பிடித்தது. கதவு திறந்ததும் போட்டிகள் தொடர்ந்தன. வர்ணனையாளர் மைக்கைப் பிடித்து அடுத்த இருவரின் பெயரைக் கூப்பிட, அவரவர் 100 யென்னை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.